‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்ஸ்’ ஆல்பத்துக்குள் எந்தப் பக்கமாக நுழைவது?

தக்கலையிலிருந்து, கிட்டார் வாசிக்கும் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது: ஜிம்மி ஈட் வேர்ல்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘தி மிடில்’ பாட்டில் மயங்கி, அது இடம்பெற்ற 2001 ஆல்பத்தை மனப்பாடம் ஆகும்வரை கேட்டிருக்கிறார். அப்புறம் பின்னோக்கிப் போய் 1996இல் வந்த ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்ஸ்’ ஆல்பத்தைப் போட்டால் ஒன்றுமே ஒட்டவில்லையாம். பாடுகிற ஆளே மாறி மாறி வருகிறார், பாதி இடத்தில் கத்துகிறார்கள், பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. பழைய ரசிகர்கள் சிலரோ இதைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். “எனக்குத்தான் புரியவில்லையா, இல்லை உண்மையிலேயே சுமாரான ஆல்பம்தானா?” என்று கேட்கிறார்.

நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நல்ல ஆல்பம், குறைகளும் உண்டு. ஆனால் தம்பி உண்மையில் கேட்பது அதை இல்லை என்று நினைக்கிறேன். 2001இல் பழகிய காதை வைத்துக்கொண்டு 1996க்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்பதுதான் அவருடைய சிக்கல். நாகர்கோவிலில் பல வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமையும் கன்வென்ஷன் நாட்களிலும் சர்ச்சில் ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு வேலையும் சேர்ந்து பழக்கிய காதிலிருந்துதான் இதை எழுதுகிறேன். இந்தக் குழுவை மேடையில் நேரில் பார்த்ததில்லை. ஆகவே பேச்சு முழுக்க ஒலிப்பதிவைப் பற்றித்தான்.

முதலில் ஆவணங்களில் இருக்கிற விஷயங்கள். அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய மெசா என்ற ஊரில் 1993இல் தொடங்கிய குழு இது. 1994இல் ‘வுடன் ப்ளூ’ என்ற சின்ன உள்ளூர் நிறுவனத்தின் மூலம் குழுவின் பெயரிலேயே ஒரு ஆல்பம் வந்தது. அப்புறம் கேபிட்டல் ரெக்கார்ட்ஸ் அவர்களை எடுத்துக்கொண்டது. 1996 ஜூலையில் ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்ஸ்’, 1999 பிப்ரவரியில் ‘கிளாரிட்டி’. இரண்டும் விற்பனையில் சோபிக்கவில்லை, கேபிட்டலோடு உறவு முறிந்தது. அடுத்த ஆல்பத்தைக் கையிலிருந்த காசைப் போட்டு அவர்களே ஒலிப்பதிவு செய்தார்கள். அதுதான் 2001இல் ட்ரீம்வொர்க்ஸ் வெளியிட்ட ‘ப்ளீட் அமெரிக்கன்’. அதிலிருந்த ‘தி மிடில்’ 2002இல் அமெரிக்கப் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 5ஆம் இடம் வரை போனது. நீங்கள் உள்ளே வந்தது இந்தக் கதவு வழியாக.

இப்போது கவனியுங்கள். ஜிம் அட்கின்ஸ், டாம் லிண்டன், ரிக் பர்ச், சாக் லிண்ட் என்ற இந்த நால்வர் சேர்ந்து செய்த முதல் முழு ஆல்பம் ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்ஸ்’தான். பர்ச் 1995இல் பேஸ் கிட்டாருக்கு வந்து சேர்ந்தார். அதன்பிறகு இன்றுவரை ஆள் மாறவில்லை. இந்த ஆல்பத்தின் தயாரிப்பில் குழுவோடும் வெஸ் கிட் என்பவரோடும் கூட இருந்தவர் மார்க் டிராம்பினோ. அவரேதான் ‘கிளாரிட்டி’க்கும், ‘ப்ளீட் அமெரிக்க’னுக்கும் தயாரிப்பாளர். அதாவது நீங்கள் மனப்பாடம் செய்த ஆல்பத்துக்கும் உங்களுக்கு ஒட்டாத ஆல்பத்துக்கும் நடுவே ஆளும் மாறவில்லை, தயாரிப்பாளரும் மாறவில்லை. ஐந்து வருடத்தில் மாறியது பாட்டு என்றால் என்ன என்பதைப் பற்றி அவர்கள் வைத்திருந்த எண்ணம். 2001இல் பாட்டு என்பது ஒரு மெட்டு, அதைத் தாங்க மற்ற எல்லாமும். 1996இல் பாட்டு என்பது நாலு பேர் ஒரு அறையில் சேர்ந்து எழுப்புகிற ஓசை. மெட்டு அதற்குள் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பிந்தைய ஆல்பத்திலிருந்து முந்தையதற்குப் போகிறவர் அந்த மெட்டைத் தேடித் தேடி ஏமாறுகிறார். உங்களுக்கு நடந்ததும் அதுவே என்பது என் கணிப்பு.

இருபது வயது பையன்களின் இப்படிப்பட்ட ஆல்பத்தைக் கேபிட்டல் மாதிரி ஒரு பெரிய நிறுவனம் ஏன் வெளியிட்டது என்று தோன்றலாம். பீட்டில்ஸின் பாட்டுகளை அமெரிக்காவில் விற்ற நிறுவனம் அது. காரணம் காலம். 1991இல் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, 1994இல் கிரீன் டேயின் ‘டூக்கி’ இரண்டும் யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றன. உடனே பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஊர் ஊராக ஆள் அனுப்பி, கிட்டாரும் கோபமுமாக இருந்த சின்னக் குழுக்களை வாரிக்கொண்டன. பத்தை எடுத்தால் ஒன்றாவது ஓடாதா என்ற கணக்கு. ஓடாதவற்றுக்குப் பெரிய விளம்பரம் எதுவும் கிடைக்காது. ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்ஸ்’ அந்த அலையில் உள்ளே வந்து, அதே அலையில் ஓரத்தில் ஒதுங்கிப்போனது.

இந்தக் குழுவின் மேல் ஒட்டிய ‘எமோ’ என்ற முத்திரைக்கும் கொஞ்சம் பின்னணி வேண்டும், இல்லாவிட்டால் கத்தலுக்குக் காரணம் புரியாது. 1985 வாக்கில் வாஷிங்டன் நகரத்தில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்கள் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வேகத்தை வைத்துக்கொண்டு அரசியல் முழக்கத்துக்குப் பதிலாகத் தங்கள் சொந்த மனக்குமுறலைப் பாட ஆரம்பித்தன. பத்து வருடம் கழித்து அது நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. சியாட்டிலின் சன்னி டே ரியல் எஸ்டேட் 1994இல் வெளியிட்ட ‘டைரி’ பலருக்கு வழிகாட்டி. மெல்ல ஆரம்பித்து, திடீரென்று இரைந்து, மறுபடி மெல்ல அடங்குகிற அமைப்பு. ஒரு கிட்டார் தந்தி தந்தியாக மீட்ட, இன்னொன்று டிஸ்டார்ஷனில், அதாவது வேண்டும் என்றே கரகரப்பாக்கிய ஒலியில், உறுமுவது. சுருதியை விட்டாலும் பரவாயில்லை என்று பாடுவது. ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்’ஸின் உறவுக்காரர்கள் இவர்கள். வானொலிக்காக மெருகேற்றிய 2000களின் எமோ, அதிலும் முடியை முகத்தில் விட்டுக்கொண்டு வந்தது, வேறு கதை. அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்துக்கு வராதீர்கள்.

இனி காதுக்கு வருகிறேன். நம்மூர்க் காது சினிமாப் பாட்டில் பழகியது. அதில் குரல்தான் ராஜா. மிக்ஸிங்கில் குரலை முன்னால் நிறுத்தி, மற்ற வாத்தியம் எல்லாவற்றையும் அதற்கு வழிவிட வைப்பார்கள். சர்ச்சிலும் அப்படியே, வார்த்தை கேட்கவில்லை என்றால் ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் மிக்ஸர் பக்கம் வந்துவிடுவார். ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்’ஸில் குரல் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே, ஒரு படி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வேண்டும் என்றே அப்படி வைத்ததாகத்தான் எனக்குக் கேட்கிறது. டிராம்பினோ அடிப்படையில் டிரம்ஸ் வாசிப்பவர். சான் டியாகோவின் டிரைவ் லைக் ஜேஹு என்ற முரட்டுக் குழுவில் வாசித்தவர். அவர் கை பட்ட ஒலிப்பதிவுகளில் ஸ்னேர் என்ற டிரம்மின் அடி நெஞ்சில் வந்து விழும், சிம்பல் என்ற உலோகத் தட்டு பரந்து கேட்கும். ஒலிப்பதிவு நடந்த இடங்களில் ஒன்று கலிபோர்னியாவின் வான் நைஸில் இருந்த சவுண்ட் சிட்டி. ‘நெவர்மைண்ட்’ பதிவானதும் அங்கேதான். அந்த அறையில் எடுத்த டிரம்ஸ் ஒலிக்குத் தனிப் பெயரே உண்டு. ஆகவே முதல் தடவை கேட்கும்போது குரலை விட்டுவிடுங்கள். சாக் லிண்டின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். எங்கே அவர் அடியைக் குறைக்கிறார், எங்கே சிம்பலுக்குத் தாவுகிறார் என்று கவனித்தாலே பாட்டு எங்கே திரும்புகிறது என்பது விளங்கிவிடும். இந்த ஆல்பத்தில் பாட்டின் வளைவுகளைச் சொல்வது மெட்டைவிட டிரம்ஸ்தான்.

அடுத்தது “பாடுகிற ஆள் வேறு” என்ற உங்கள் முறையீடு. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இந்தக் குழுவின் முதல் பாடகர் டாம் லிண்டன். 1994 ஆல்பத்தில் கிட்டத்தட்ட எல்லாமே அவர் குரல். ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்’ஸில் லிண்டனும் அட்கின்ஸும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மூன்று வருடம் கழித்து ‘கிளாரிட்டி’யில் லிண்டன் முன்னின்று பாடுவது ‘ப்ளிஸ்டர்’ என்ற ஒரே பாட்டை. அதன்பின் அட்கின்ஸ்தான் குழுவின் குரல். அதாவது இந்த ஒரு ஆல்பத்தில்தான் இரண்டு பேரும் ஏறத்தாழச் சமமாக நிற்கிறார்கள். எனக்கு இந்த ஆல்பம் பிடிக்க முதல் காரணமே இதுதான். லிண்டனின் குரல் அடித்தொண்டையிலிருந்து வருகிறது, கொஞ்சம் கரடு. அட்கின்ஸின் குரல் மேலே, தெளிவாக, சற்றே நடுக்கத்தோடு. ஒருவர் முன்னால் நிற்க மற்றவர் பின்னாலிருந்து வேறொரு வரியைப் பாடும் இடங்கள் உண்டு. அங்கே இரண்டு வரியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்; எதைக் கேட்பது என்று முதலில் தடுமாறும்.

ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கக் கூடாது. நம் பக்கத்தில் எத்தனை சர்ச்சில் கொயர் என்ற பாடகர் குழு இருக்கிறது! பாமாலைப் பாட்டை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலாகப் பிரித்துப் பாடிக் கேட்டு வளர்ந்தவர்கள், டெனர் வரியை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகியிருப்பார்கள். என்னிடம் கிட்டார் படிக்க வருகிறவர்களில் கொயரில் நின்ற பிள்ளைகள் இந்த மாதிரி இசைக்குள் சீக்கிரம் நுழைவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கொயரில் நின்றவரா என்று தெரியவில்லை. இல்லையென்றால் ஒரு காது இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம். கிட்டார்களைப் பிரித்துக் கேட்கவும் அது உதவும்.

கத்தலைப் பற்றி. இதில் என்னால் உங்களைச் சமாதானப்படுத்த முடியுமா என்று எனக்கே சந்தேகம்தான்; சிலருக்கு ஒட்டும், சிலருக்கு ஒட்டவே ஒட்டாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். இசக்கியம்மன் கதையோ சுடலைமாடன் கதையோ நள்ளிரவைத் தாண்டிப் போகும்போது முன்பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டியிருக்கும். கதை உச்சத்துக்கு வரும் இடத்தில் அவர் பாடுகிறாரா கூப்பிடுகிறாரா என்று பிரிக்க முடியாது. குடமும் உடுக்கையும் சேர்ந்து ஏறும். அங்கே யாரும் சுருதி விலகிவிட்டது என்று குறை சொல்வதில்லை, சொன்னால் பக்கத்திலிருப்பவர் நம்மைத்தான் முறைப்பார். அந்த இடத்தில் குரல் உடையாமல் இருந்தால்தான் தப்பு. இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘திங்கிங், தட்ஸ் ஆ’லில் வரும் கத்தலை அப்படிக் கேட்டுப் பாருங்கள். பாட்டுத் திறமையைக் காட்ட வந்த இடம் அது இல்லை.

ஆனால் வில்லுப்பாட்டில் கதை இருக்கிறது, பாட்டு எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே அது இல்லை. உங்களுக்குப் “பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது” என்று புரியாமல் போனதற்குக் காரணம், பல்லவி திரும்ப வரும் என்று காத்திருந்ததுதான். சினிமாப் பாட்டு பல்லவிக்குத் திரும்பும். ‘தி மிடில்’ அதையே இன்னும் கறாராகச் செய்கிறது. மூன்று நிமிடத்துக்குள் கோரஸ் திரும்பத் திரும்ப வந்து தலையில் குடியேறிவிடும். ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்’ஸின் சில பாட்டுகளில் தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிற எண்ணமே கிடையாது. ஒரு பகுதி, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது. மூன்றாவதில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசித்து ஓசையை ஏற்றிக்கொண்டே போவார்கள், அங்கேயே முடிந்துவிடும். ‘டிஜிட்ஸ்’ அதற்கு நல்ல உதாரணம். ஏழு நிமிடத்துக்கு மேல் போகிற பாட்டு. கோரஸ் எப்போது வரும் என்று காத்திருந்தால் ஏழு நிமிடமும் வீண். இந்த ஓசை எவ்வளவு மெல்லியதாகத் தொடங்கியது, இப்போது எவ்வளவு கனத்துவிட்டது என்று அளந்துகொண்டே கேட்டால் நேரம் போவது தெரியாது.

நீங்கள் கிட்டார் வாசிப்பவர் என்பதால் இன்னொரு வாசலும் உண்டு. பெரும்பாலான ராக் பாட்டில் ஒரு கிட்டார் தாளம் போடும், மற்றது மெட்டு வாசிக்கும். இந்த வகை இசையில் அந்த மேல் கீழ் கிடையாது. ஒருவர் கார்டை, அதாவது சேர்த்து அடிக்கும் ஸ்வரக்கூட்டை, உடைத்து ஒவ்வொரு தந்தியாக மீட்டுவார். மற்றவர் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துப் பிடித்து, நடுவில் உள்ள தந்தியை விரலால் அடக்கிக்கொண்டு நகர்வார். ஆக்டேவ் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அதை டிஸ்டார்ஷனில் வாசித்தால் கார்டு மாதிரி குழம்பாது, தனி ஸ்வரம் மாதிரி மெலிந்தும் போகாது. கூட்டத்துக்கு நடுவே நின்று ஒரு ஆள் குரல் கொடுக்கிற அளவுக்கு எழும்பும். இரண்டு கிட்டாரும் சேர்ந்து உண்டாக்கும் ஸ்வரக்கூட்டு தனித்தனியாக எந்த ஒன்றிலும் இருக்காது. வீட்டில் தனியாக உட்கார்ந்து இந்தப் பாட்டுகளை வாசித்தால் சப்பென்று இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு ‘கிளேர்’ பாட்டை வாசித்துப் பாருங்கள். நான் மாணவர்களுக்கு இந்த ஆல்பத்திலிருந்து கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பாட்டுத்தான். கை வித்தை பெரிதாகத் தேவையில்லை. பொறுமையாக மெல்ல வாசிக்கத் தெரிய வேண்டும், இரைய வேண்டிய இடம் வரும்வரை கையை அடக்கத் தெரிய வேண்டும். பதினெட்டு வயதில் ஆகக் கஷ்டமானது அந்த இரண்டாவதுதான்.

பாட்டு வரிசையில் எனக்குப் பிடித்தவை: ‘கிளேர்’, ‘டிஜிட்ஸ்’, அப்புறம் கடைசிப் பாட்டு ‘ஆண்டர்சன் மெசா’. இந்த ஆண்டர்சன் மெசா என்பது அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உயரமான ஒரு மேட்டுநிலம். லோவெல் வான் ஆய்வகத்தின் தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு என்பதால் அங்கே வைத்தார்கள். முழு ஆல்பமும் இரைந்து முடித்தபிறகு இந்தப் பாட்டு வரும்போது அந்த இருட்டு எனக்குள் வந்துவிடும். இதை ஆதாரம் காட்டி நிரூபிக்க முடியாது. ‘எபிசோட் ஃபோர்’ மெதுவான பாட்டு, அட்கின்ஸின் பிற்காலப் பாட்டுகள் பிடித்தவர்களுக்கு உடனே பிடிக்கக்கூடும். தனிப்பாட்டாக வெளியிட்டது ‘ராக்ஸ்டார்’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வானொலிக்கு ஒன்று வேண்டும் என்று தேர்ந்தெடுத்த வாடை அதில் கொஞ்சம் அடிக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அந்தப் பழைய ரசிகர்களோடு சேர்ந்துவிடுவேன். பன்னிரண்டு பாட்டு, ஐம்பது நிமிடத்துக்குப் பக்கம். நடுவே வேகமான பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாமல் கலந்துவிடுகின்றன. இரண்டு பாட்டை எடுத்துவிட்டிருந்தால் ஆல்பம் கூர்மையாகியிருக்கும். வார்த்தைகள் பல இடத்தில் மூடுமந்திரம். ஆழம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது இருபது வயதில் எதையும் நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுகிற பழக்கமாகத்தான் படுகிறது. ‘கிளாரிட்டி’யில் இதே ஆட்கள் மணி ஓசை, வயலின் கூட்டம், இயந்திரத் தாளம் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து, பதினாறு நிமிடப் பாட்டோடு முடிக்கிற தைரியத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த விரிவு இங்கே இல்லை. இந்தக் குழுவின் ஆகச் சிறந்த ஆல்பம் எது என்று என்னைக் கேட்டால் ‘கிளாரிட்டி’ என்றுதான் சொல்வேன். ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்’ஸைச் சிறந்தது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒதுக்கப்பட்டது என்கிற அளவுக்கு மட்டும் அவர்களோடு சேர்வேன். ‘கிளாரிட்டி’க்காவது வெளிவந்தபோது கிடைக்காத மரியாதை பின்னால் வந்து சேர்ந்தது, பத்து வருட நிறைவுக்கு 2009இல் அந்த ஆல்பத்தை முழுசாக வாசித்துக்கொண்டு ஒரு சுற்றுப்பயணமே போனார்கள். இதற்கு அந்த அளவு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இங்கே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. வருடங்கள், ஆட்கள், யார் தயாரித்தது, எங்கே பதிவானது, விற்கவில்லை என்பது எல்லாம் ஆவணங்களில் உள்ள செய்தி. குரலை வேண்டும் என்றே உள்ளே வைத்தார்கள் என்பதும், பாட்டைப் பற்றிய எண்ணம் மாறியது என்பதும் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு என் காது எடுத்த முடிவு. வேறொருவர் அதே ஆதாரத்தை வைத்து வேறு முடிவுக்கு வரலாம். கேபிட்டல் ஒழுங்காக விளம்பரம் செய்திருந்தால் இது பெரிய வெற்றி ஆகியிருக்கும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. வானொலியில் மறுபடி மறுபடி போடுவதற்கு ஏற்ற கோரஸ் இதில் அதிகம் இல்லை. லிண்டனை ஓரங்கட்டியது கம்பெனிக்காரர்களின் வேலை என்று யாராவது கதை சொன்னால், சான்று கேளுங்கள். அதே 1996இல் வந்த வீசர் குழுவின் ‘பிங்கர்டன்’ அப்போது விமர்சகர்களிடம் அடிவாங்கி, பிற்பாடு போற்றப்பட்டது உண்மைதான். அதைக் காட்டி ஒதுக்கப்பட்டவை எல்லாமே மாணிக்கம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நிறைய ஆல்பங்கள் ஒதுக்கப்படுவது ஒதுக்கப்பட வேண்டியவை என்பதால்தான். இதை ஏன் விலக்காக வைக்கிறேன் என்பதற்கு என் காரணங்களை மேலே சொல்லிவிட்டேன். அவை உங்களுக்குப் போதவில்லை என்றால் ஆல்பத்தை விட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்கிற விதம். போன் ஸ்பீக்கரில் இந்த ஆல்பம் செத்துப்போகும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் அடிக்கனமும் அதில் வரவே வராது, மிஞ்சுவது கத்தலும் கிட்டார் இரைச்சலும்தான். நீங்கள் கேட்டது அப்படியோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம். தக்கலையிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பஸ் எஞ்சின் சத்தத்தில் இந்த ஆல்பத்தின் மெல்லிய பகுதிகள் காதில் விழாது. வில்லுக்குறியில் தொடங்கிய பாட்டு சுங்கான்கடையில் இரையும்போதுதான் கேட்கவே ஆரம்பிக்கும். மெல்லியது கேட்காதவருக்கு இரைச்சல் காரணமில்லாத இரைச்சலாகத்தான் இருக்கும். இரவு வீட்டில், ஓரளவு நல்ல ஹெட்ஃபோனில், நடுத்தர வால்யூமில் கேளுங்கள். மெல்லிய பகுதி கேட்கும் அளவுக்கு வைத்துவிட்டு, இரையும்போது குறைக்காமல் விடுங்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் பாட்டு. அதற்காகக் காது வலிக்கும் அளவுக்கு வைக்க வேண்டாம். மேடை ஸ்பீக்கர் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று காது மந்தமானவர்கள் எங்கள் தொழிலில் எத்தனையோ பேர்.

வரிசை கேட்டிருந்தீர்கள். ‘ப்ளீட் அமெரிக்க’னிலிருந்து நேரே 1996க்குக் குதித்ததுதான் பாதி பிரச்சினை. நடுவில் ‘கிளாரிட்டி’யைப் போட்டு, அது பழகும்வரை ஒரு மாதமாவது அங்கேயே இருங்கள். அதில் ‘லக்கி டென்வர் மின்ட்’ உங்களுக்கு உடனே பிடிக்கும். ‘ப்ளிஸ்ட’ரில் லிண்டனின் குரல் அறிமுகமாகிவிடும். அப்புறம் ‘ஸ்டாட்டிக் பிரிவெய்ல்’ஸுக்கு வரும்போது முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ‘கிளேர்’, ‘எபிசோட் ஃபோர்’, ‘டிஜிட்ஸ்’, ‘ஆண்டர்சன் மெசா’ என்று நாலைந்து நாள் இந்த நாலை மட்டும் கேளுங்கள். அதன்பின் முழுசாக, முதலிலிருந்து, வரிசை மாற்றாமல். ‘திங்கிங், தட்ஸ் ஆல்’ அப்போது வேறு பாட்டாகத் தெரிய வாய்ப்பு அதிகம். ‘டைரி’யையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குழு எங்கிருந்து எதை எடுத்தது என்பதும் புரிந்துவிடும்.

1994இன் முதல் ஆல்பத்தைத் தேடிப் போக வேண்டுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அது கொஞ்சம் பிரதிகளோடு நின்றுபோன வெளியீடு, அச்சில் இல்லை. பழைய பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் சொல்லும் விலை ஒரு நல்ல கிட்டார் பெடலின் விலைக்குப் பக்கத்தில் வரும். அதில் இருப்பது பங்க் கற்றுக்கொண்டிருக்கிற பையன்கள். இப்போது நீங்கள் கேட்கிற குழுவின் சாயல் அதில் சொற்பம். காசைப் பெடலுக்கே போடுங்கள்.